அரிசி மூட்டை இரண்டு வருடம் கெடாது, அப்புறம் ஏன் அது ‘நீடித்து உழைக்கும் பொருள்’ இல்லை?

மழைநேரத்தேநீர் (திருநெல்வேலி)

எல்லாருக்கும் வணக்கம். பி.ஏ. பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போன வாரம் வகுப்பில் டியூரபிள் கூட்ஸ், அதாவது நீடித்து உழைக்கும் பொருட்கள் பற்றிப் பாடம். மூன்று வருடத்துக்கு மேல் இருப்பவை என்று சார் எழுதிப் போட்டார். நூலகத்தில் எடுத்த புத்தகத்தில் ஒரு வருடம் என்று இருக்கிறது. அதுவே குழப்பம்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னது அடுத்த தப்பு. அப்பாவுக்கு மளிகைக் கடை. “நம்ம கடையில் இரண்டு வருடப் பழைய பொன்னி அரிசி இருக்கு, புதுசைவிட அதுக்குத்தான் விலை. உப்பு பத்து வருடம் ஆனாலும் உப்புதான். நீ அழுது வாங்கின ஹெட்போன் ஆறு மாசத்தில் போச்சு. இப்ப எதும்மா நீடிச்சது?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அப்புறம், வீடு ஏன் இந்தப் பட்டியலில் இல்லை என்பதும் புரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

களப்பணி_ஓய்வு

உன் அப்பா கேட்டது சரியான கேள்வி அம்மா. பொருள் எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்பதல்ல கணக்கு. எத்தனை நாள் திரும்பத் திரும்பப் பயன் தரும் என்பதுதான். உப்பு பத்து வருடம் ஜாடியில் இருக்கும், உண்மை. ஆனால் ஒரு சிட்டிகையை ஒரு தடவைதான் குழம்பில் போட முடியும். போட்டதும் அது போயிற்று.

ஐக்கிய நாடுகள் அவையின் தேசியக் கணக்கு நெறிமுறையில் (ஒரு நாட்டின் உற்பத்தி, செலவு எல்லாம் எப்படிக் கணக்கிடுவது என்ற விதிகள்) இதற்கு நிலக்கரியை உதாரணமாகச் சொல்வார்கள். பூமிக்கடியில் கோடிக்கணக்கான வருடம் கிடந்த பொருள், அதைவிட நீடித்தது எது? ஆனாலும் அது நீடித்து உழைக்கும் பொருள் ஆகாது, ஏனென்றால் ஒரு தடவைதான் எரியும். உன் அப்பாவின் பொன்னி அரிசியும் நிலக்கரியின் கட்சிதான்.

ஒன்றா மூன்றா என்றால் இரண்டும் சரி. அந்த நெறிமுறையில் ஒரு வருடத்துக்கு மேல் பயன்படுவது. அமெரிக்காவின் தேசியக் கணக்கில் சராசரி ஆயுள் குறைந்தது மூன்று வருடம். உன் சார் அமெரிக்கப் பாடநூலிலிருந்து எடுத்திருப்பார். ‘சராசரி’ என்பதைக் கவனி. உன் ஹெட்போன் ஆறு மாதத்தில் செத்தாலும், அந்த வகைப் பொருள் பொதுவாக எவ்வளவு நாள் ஓடும் என்றுதான் பார்ப்பார்கள்.

பீளமேட்டுப்பயல்

இதுக்கு இங்கிலீஷ் வார்த்தையைவிட நம்ம வார்த்தையே தேவலைங்க. “இந்தச் செருப்பு ரெண்டு வருசம் உழைச்சுது” என்று சொல்கிறோம் இல்லையா? இருந்தது என்று சொல்வதில்லை, உழைத்தது என்கிறோம். பரணில் பத்து வருடம் சும்மா கிடந்த குடையை யாரும் ‘பத்து வருசம் உழைச்ச குடை’ என்று சொல்ல மாட்டார்கள். உப்பு உழைக்காது, கிரைண்டர் உழைக்கும். தங்கச்சி, அப்பாகிட்ட இதை மட்டும் சொல்லுங்க, புரிஞ்சுக்குவாரு.

(எங்கள் குடும்பம் கிரைண்டர் பட்டறைக் குடும்பம், அதனால் உதாரணம் எப்பவும் கிரைண்டர்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

எதற்கும்எதிர்

அப்படியே ஒப்புக்கொள்ள முடியாது. என் அம்மாவின் கல்யாணப் பட்டுப்புடவைக்கு வயது முப்பத்தெட்டு, இன்னும் விசேஷத்துக்குக் கட்டுகிறார். அமெரிக்கக் கணக்கில் துணியும் செருப்பும் நீடிக்காத பொருட்கள் பட்டியலில், அதாவது பாலோடும் முட்டையோடும் ஒரே வரிசையில் இருக்கின்றன. இந்த ‘உழைப்பு’ வாதம் அங்கே என்ன ஆயிற்று? வகைப்பாடு என்பது அதிகாரிகள் வசதிக்குப் போட்ட கோடு, அவ்வளவுதான்.

களப்பணி_ஓய்வு

கோடு வசதிக்குப் போட்டதுதான், மறுக்கவில்லை தம்பி. அதனால்தான் ஐ.நா.வின் நுகர்வுச் செலவு வகைப்பாட்டில் நடுவில் ஒரு பெட்டி வைத்தார்கள். நீடிக்காதவை, அரைகுறையாக நீடிப்பவை, நீடிப்பவை, சேவைகள் என்று நான்கு. துணியும் செருப்பும் அந்த அரைகுறைப் பெட்டியில் இருக்கின்றன. உங்கள் அம்மாவின் பட்டுப்புடவை தனி ஒரு புடவை. தினமும் கட்டித் துவைக்கும் காட்டன் புடவைகளையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் கணக்கு வேறு.

இந்தக் கோடு எங்களுக்கு எங்கே உதவியது என்று சொல்கிறேன். பல வருடம் வீடு வீடாகப் போய்ச் செலவுக் கணக்கு எழுதியவன் நான். “போன 30 நாளில் எவ்வளவு செலவு செய்தீர்கள்?” என்று கேட்டால் அரிசிக்கும் எண்ணெய்க்கும் சரியாக வரும். ஃபிரிட்ஜுக்கு வராது. போன மாதம் ஃபிரிட்ஜ் வாங்கிய வீடு திடீரென்று பணக்கார வீடு மாதிரித் தெரியும். பக்கத்து வீட்டில் அதே ஃபிரிட்ஜ் எட்டு மாதம் முன்பு வாங்கியிருந்தால் அந்தப் பத்தியில் பூஜ்யம். இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரிதான் தயிர் குளிர்ந்துகொண்டிருக்கும்.

அதனால் நீடித்து உழைக்கும் பொருளுக்கு மட்டும் போன 365 நாள் கணக்கைக் கேட்பது என்று மாறியது. 2022-23 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் இதற்கென்று தனி வினாத்தாளே உண்டு. உணவுக்கு ஒன்று, அன்றாடப் பொருட்கள், சேவைகளுக்கு ஒன்று, நீடித்து உழைக்கும் பொருட்களுக்கு ஒன்று என மூன்று வினாத்தாள்கள், மூன்று தடவை போக வேண்டும்.

இன்னொரு செய்தி. அரசு இலவசமாகக் கொடுத்த சில பொருட்களுக்கும் அந்தக் கணக்கெடுப்பில் ஒரு மதிப்புப் போட்டுச் சேர்த்துத் தனியாக ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள். அந்தப் பட்டியலில் சைக்கிளும் மடிக்கணினியும் உண்டு. நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் வீட்டுத் திண்ணையில் அவை இரண்டையும் நிறையவே பார்த்திருக்கிறேன்.

மழைநேரத்தேநீர்

ஐயா, மிக்க நன்றி. நிலக்கரி உதாரணத்தை அப்பாவிடம் சொன்னேன். “சரி, ஒத்துக்கிறேன். ஆனா வீடு உழைக்காதா?” என்று கேட்டார். வீட்டுக் கேள்வி அப்படியே நிற்கிறது.

வட்டிக்கணக்கு

வீடு எல்லாவற்றையும்விட அதிகமாக உழைக்கும். அதனாலேயே அதை நுகர்வில் சேர்க்காமல் முதலீட்டில் சேர்த்துவிட்டார்கள். தேசியக் கணக்கில் புது வீடு கட்டினால் அது மூலதன உருவாக்கம். அந்த வீட்டில் நீங்கள் குடியிருப்பது நுகர்வு. சொந்த வீட்டுக்காரர் தனக்குத்தானே மாதாமாதம் வாடகை கொடுத்துக்கொள்வது போல ஒரு தொகையைக் கற்பித்து மொத்த உற்பத்தியில் சேர்ப்பார்கள். முதல்முறை கேட்கும்போது மாணவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அதைச் செய்யாவிட்டால், எல்லாரும் வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்கு மாறினால் நாடே ஏழையானது போலக் கணக்கு காட்டும்.

எதற்கும்எதிர்

பிடித்துவிட்டேன். அப்படியானால் ஃபிரிட்ஜுக்கும் நான் எனக்கே வாடகை கொடுப்பதாகக் கணக்குப் போட வேண்டாமா? காருக்கு? பீரோவுக்கு?

வட்டிக்கணக்கு

போடத்தான் வேண்டும், கோட்பாட்டின்படி. 30,000 ரூபாய்க்கு வாங்கிய ஃபிரிட்ஜ் பத்து வருடம் உழைத்தால், வாங்கிய அன்றே 30,000-ஐயும் நீங்கள் ‘நுகர்ந்து’ விடவில்லை. வருடத்துக்குச் சுமாராக 3,000 ரூபாய்க்குக் குளிர்ச்சியை நுகர்கிறீர்கள். மிச்சம் இன்னும் வீட்டில் நிற்கிறது, அது ஒரு வகைச் சேமிப்பு. பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரிட்மன் 1957-இல் வெளியிட்ட நிரந்தர வருமானக் கோட்பாட்டில் (இந்த மாத வருமானத்தை அல்ல, நீண்ட கால வருமானத்தை வைத்துத்தான் மக்கள் நுகர்கிறார்கள் என்பது) நுகர்வு என்பதை இப்படித்தான் பார்க்கிறார். போனஸ் வந்ததும் ஒருவர் ஏசி வாங்கினால் ஊதாரி என்று நாம் சொல்வோம். ஃபிரிட்மன் கண்ணுக்கு அந்தப் போனஸின் பெரும்பகுதி சேமிக்கப்பட்டிருக்கிறது, வங்கிக்குப் பதிலாகச் சுவரில் மாட்டியிருக்கிறது.

ஆனால் கணக்கு எழுதுபவர்கள் வீட்டுக்கு மட்டும் இதைச் செய்துவிட்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். எதிர் சொன்னது போல இது வசதிக்குத்தான். அவர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ளும் அபூர்வ நாள் இது.

இன்னொன்று. பொருளைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய முடியாது, யார் கையில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். அதே ஃபிரிட்ஜ் டீக்கடையில் இருந்தால் அது மூலதனப் பொருள். அதே கார் டாக்சியாக ஓடினாலும் அப்படியே.

கிழக்குமாசிவீதி

ஐயா, சார், எல்லாரும் கணக்கில் பெரிய ஆட்கள். நான் பதினாறு வருடமாக வீட்டு உபயோகப் பொருள் ஷோரூமில் நின்று விற்கிறவன். எங்களுக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான்: ‘அடுத்த மாசம் பார்த்துக்கலாம்’ என்று வாடிக்கையாளர் சொல்லக்கூடிய பொருள் எதுவோ அது டியூரபிள்.

2025-இல் நடந்ததைச் சொல்கிறேன். ஆகஸ்ட் 15 அன்று ஜி.எஸ்.டி. குறையப் போகிறது என்று பிரதமர் அறிவித்தார். அடுத்த நாளிலிருந்து ஏசி பக்கம் ஆளே இல்லை. வருவார்கள், தொட்டுப் பார்ப்பார்கள், “எப்ப சார் குறையும்?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள். செப்டம்பர் 22-இல் ஏசிக்கும் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கும் வரி 28-லிருந்து 18 சதவீதம் ஆயிற்று. அன்று காலையில் கடை திறக்கும் முன்பே ஆட்கள் நின்றார்கள். ஐந்து வாரம் ஈ ஓட்டினோம், அப்புறம் சாப்பிட நேரமில்லை.

அதே செப்டம்பர் 22-இல் சோப்பு, ஷாம்பு, டூத்பேஸ்ட்டுக்கும் 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதற்காக ஐந்து வாரம் யாராவது குளிக்காமல் இருந்தார்களா?

மழைநேரத்தேநீர்

கிழக்குமாசி அண்ணா, இந்த சோப்பு உதாரணத்தை நான் தேர்வில் எழுதப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வட்டிக்கணக்கு

தாராளமாக எழுதுங்கள், மதிப்பெண் உண்டு. எனக்கு இந்த இழையிலேயே பிடித்த பதிவு அது. நான் அதற்கு ஒரு கணக்கு மட்டும் போட்டுவிடுகிறேன்.

ஒரு சிற்றூர். 1,000 வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறது. ஆயுள் சராசரி பத்து வருடம் என்றால் வருடத்துக்கு 100 பழசு போய்ப் புதுசு வர வேண்டும். புதுக் குடித்தனக்காரர்கள் 50 பேர் வாங்குகிறார்கள். மொத்த விற்பனை 150. ஒரு வருடம் மழை பொய்த்தது, கையில் காசில்லை. புதிதாக வாங்க வேண்டிய 50 பேரும் பொறுக்கிறார்கள். பழசை மாற்ற வேண்டியவர்களில் பாதிப் பேர் கேஸ் நிரப்பி ஓட்டுகிறார்கள். விற்பனை 50. ஊரில் ஓடும் ஃபிரிட்ஜ் எண்ணிக்கையை எண்ணிப் பாருங்கள், அதே 1,000-க்குப் பக்கத்தில்தான் இருக்கும், ஒரு வீட்டிலும் பால் கெடவில்லை. ஆனால் கடைக்காரருக்கு மூன்றில் இரண்டு பங்கு வியாபாரம் போயிற்று. தொழிற்சாலையில் ஷிப்ட் நிற்கும், லாரி நிற்கும்.

வீடுகளில் இருக்கும் இருப்பு பெரிது, வருடா வருடம் ஓடிவரும் புது வரத்து சிறிது. இருப்பைக் கொஞ்சம் தட்டினாலே வரத்து பாதியாகும். 2007-இல் அமெரிக்காவில் கார், சிறு டிரக் எல்லாம் சேர்த்துச் சுமார் 1 கோடியே 60 லட்சம் விற்றன. 2009-இல் சுமார் 1 கோடியே 4 லட்சம். அமெரிக்கர்கள் கார் ஓட்டுவதை மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடவில்லை, பழைய காரையே ஓட்டினார்கள்.

பங்குச் சந்தைக்காரர்கள் மாதாமாதம் அமெரிக்காவில் வரும் நீடித்து உழைக்கும் பொருட்களின் ஆர்டர் கணக்குக்குக் காத்திருப்பதும் இதனால்தான். விமான ஆர்டர் ஒன்று பெரிதாக வந்தால் மொத்தமும் ஆடிவிடும், அதனால் விமானத்தையும் ராணுவத் தளவாடத்தையும் கழித்துவிட்டுப் பார்ப்பார்கள். நம் நாட்டிலும் 2011-12-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட தொழில் உற்பத்திக் குறியீட்டில் நீடித்து உழைக்கும் நுகர்வுப் பொருட்களுக்கு 12.84 சதவீத எடை, நீடிக்காதவற்றுக்கு 15.33. பிரித்து வைத்திருப்பது இரண்டும் இரண்டு விதமாக ஆடுவதால்.

எதற்கும்எதிர்

அப்படியென்றால் மந்தம் வரும்போது அரசு பழைய வண்டிக்குக் காசு கொடுத்துப் புதுசு வாங்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடுமே? சீனா 2024-இல் பழையதைக் கொடுத்துப் புதுசு வாங்க மானியம் கொடுத்தது.

வட்டிக்கணக்கு

அமெரிக்கா 2009 கோடையில் செய்து பார்த்தது. பெட்ரோல் குடிக்கும் பழைய வண்டியைக் கொடுத்தால் 4,500 டாலர் வரை சலுகை. சுமார் 300 கோடி டாலர் ஒதுக்கீடு, இரண்டே மாதத்துக்குள் 6.8 லட்சம் வண்டி பதிவாயிற்று. வாங்கிய பழைய வண்டிகள் மறுபடி ஓடக்கூடாது என்று எஞ்சினில் சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றி ஓடவிட்டுக் கொன்றார்கள். நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த வண்டிகளும் அதில் போயின, நினைத்தால் வயிறு எரிகிறது.

பின்னால் அதிஃப் மியான், அமிர் சூஃபி என்ற இருவர் ஆராய்ந்தார்கள். திட்டத்தால் கூடுதலாக விற்றவை கிட்டத்தட்ட எல்லாமே அடுத்த சில மாதத்தில் எப்படியும் விற்றிருக்கக் கூடியவைதான், 2010 மார்ச்சுக்குள் ஏறின அளவு ஏறக்குறைய முழுதும் இறங்கிவிட்டது என்று கண்டார்கள். கிழக்குமாசி சொன்ன ஐந்து வாரக் கதையேதான், திருப்பிப் போட்டது. அவர் கடையில் வாங்குவதைத் தள்ளிப்போட்டார்கள், அமெரிக்காவில் முன்னால் இழுத்தார்கள்.

கிழக்குமாசிவீதி

ஆடித் தள்ளுபடிக்கு அப்புறம் ஆவணியில் காற்று வாங்குவதும் இதே கதைதான் சார். முதலாளிக்கு இது புரியவே புரியாது.

பீளமேட்டுப்பயல்

எனக்கு ஒரு சந்தேகம்ங்க. எங்கள் தொழிலில் இது ரொம்ப நாளாக உறுத்துகிற விஷயம். கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வரைக்கும் கிடைத்திருக்கிறது, பேருக்குக் குறைவில்லை. ஆனால் நல்ல கிரைண்டர் செய்தால் என்ன ஆகும்? பதினைந்து, இருபது வருடம் அந்த வீட்டுக்காரர் நம் பக்கமே வரமாட்டார். எங்கள் தாத்தா விற்ற கிரைண்டரைக் கொண்டுவந்து “மோட்டார் மட்டும் மாத்திக் குடுங்க” என்கிறார்கள். சந்தோஷம்தான், ஆனால் வயிறு? நன்றாகச் செய்கிறவனுக்கு இது தண்டனையாகத் தெரிகிறது. இதற்குப் பொருளாதாரத்தில் என்ன சொல்கிறார்கள்?

வட்டிக்கணக்கு

இதில் ஒரு பெரிய தலையே உட்கார்ந்து யோசித்திருக்கிறார். ரொனால்ட் கோஸ், 1972-இல். அவர் கேட்டது இப்படி: ஒரு நாட்டின் மொத்த நிலமும் ஒரே ஆளிடம் இருக்கிறது, வேறு போட்டியே இல்லை. அவர் நினைத்த விலைக்கு விற்க முடியுமா? முடியாது என்றார் கோஸ். அதிக விலைக்குக் கொஞ்சம் விற்றபின், மிச்ச நிலம் கையில் கிடக்கிறது. அதைக் கொஞ்சம் குறைத்து விற்கத் தோன்றும். இது வாங்குகிறவருக்கும் தெரியும், அதனால் பொறுத்திருப்பார். கடைசியில் ஏகபோகக்காரர் தன்னோடு தானே போட்டி போட்டு விலையை இறக்க வேண்டி வரும். நேற்று விற்ற பொருள்தான் இன்றைய எதிரி.

தப்பிக்கச் சில வழிகள் உண்டு. ஒன்று விற்காமல் வாடகைக்கு விடுவது. ஐ.பி.எம். தன் கணக்கு இயந்திரங்களை நெடுங்காலம் வாடகைக்கு மட்டுமே விட்டது, 1956-இல் அமெரிக்க அரசோடு ஏற்பட்ட வழக்குத் தீர்வில்தான் விற்கவும் ஒப்புக்கொண்டது. இன்னொன்று, ஆயுளைக் குறைப்பது. 1924-இல் ஜெனீவாவில் பெரிய பல்பு நிறுவனங்கள் கூடி ஃபீபஸ் என்ற கூட்டணி அமைத்தன. பல்பின் ஆயுள் 1,000 மணி நேரம் என்று வைத்து, அதைத் தாண்டி எரியும் பல்பு செய்த உறுப்பினருக்கு அபராதம் போட்டன! அதிகம் உழைத்ததற்கு அபராதம்.

பீளமேட்டுப்பயல்

எங்களுக்கு அபராதம் போட ஆளில்லை, நாங்களே போட்டுக்கொள்கிறோம். சரி, வாடகை வழியைப் பற்றி யோசிக்கிறேன். கல்யாண மண்டபத்துக்குப் பெரிய கிரைண்டர் வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

களப்பணி_ஓய்வு

தம்பி, பழைய பொருளும் உங்களோடு போட்டி போடும் என்பதை மறக்காதீர்கள். பால் பாக்கெட்டுக்குப் பழைய சந்தை கிடையாது, ஸ்கூட்டருக்கு உண்டு. எழுபதுகளில் ஸ்கூட்டருக்குப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும், விலை அரசுக் கட்டுப்பாட்டில். அதனால் ஓட்டிய ஸ்கூட்டர், புது வண்டியின் அரசு விலையைவிட அதிகத்துக்கு விற்றது. எங்கள் தெருவில் ஒருவர் கல்யாணச் செலவுக்கு வண்டியை விற்று, வாங்கிய விலையைவிட லாபம் பார்த்தார்.

அதெல்லாம் எதற்கும் அரசு உரிமம் வேண்டியிருந்த லைசென்ஸ் ராஜ்ஜியக் கதை என்று நினைத்தால், 2021-இல் சிப் தட்டுப்பாட்டில் அமெரிக்காவிலேயே பழைய கார் விலை ஜூன் மாதம் முந்தைய ஆண்டைவிட 45 சதவீதம் ஏறி நின்றது. புதுசு வராவிட்டால் பழசுக்குத் தலைக்கனம் வந்துவிடும்.

எதற்கும்எதிர்

தங்கத்தை விட்டுவிட்டீர்களே. நம் வீடுகளில் அதைவிட நீடித்தது என்ன இருக்கிறது?

களப்பணி_ஓய்வு

கணக்கெடுப்பு வினாத்தாளில் நகை நீடித்து உழைக்கும் பொருட்களோடு வரும். தேசியக் கணக்கில் ‘விலைமதிப்புள்ளவை’ என்று தனி வகையே உண்டு. நகை உழைக்கிறதா, தூங்குகிறதா என்பதை உங்கள் வீட்டம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நான் அதில் தலையிடுவதில்லை.

மழைநேரத்தேநீர்

எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவிட்டேன். அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். ‘அடுத்த மாசம் பார்த்துக்கலாம்’ என்ற வரையறைதான் அவருக்குப் பிடித்தது. உடனே அம்மா உள்ளே இருந்து, “இந்த வீட்டில் நான் கேட்டது எல்லாமே டியூரபிள்தான்” என்றார். அப்பா பேசவில்லை.

பீளமேட்டு அண்ணாவிடம் அம்மா ஒன்று கேட்கச் சொன்னார். எங்கள் கிரைண்டர் வாங்கிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. உளுந்து முன்பு போலப் பொங்கி வரவில்லை, கல் வழுவழுப்பாகிவிட்டது. புதுசு வாங்குவதா, பார்த்துக்கலாமா?

பீளமேட்டுப்பயல்

வாங்காதீங்க தங்கச்சி. கல்லைக் கொத்தினால் போதும். முன்னெல்லாம் ‘அம்மி கொத்தறது, ஆட்டுக்கல் கொத்தறது’ என்று உளியோடு தெருவில் குரல் கொடுத்து வருவார்கள், இப்போது குறைந்துவிட்டது. திருநெல்வேலியில் கிரைண்டர் சர்வீஸ் செய்கிற கடையில் கேளுங்கள், செய்து தருவார்கள். கொத்தியபின் முதல் இரண்டு ஈடு மாவைச் சாப்பிட வேண்டாம், கல் தூள் வரும். ஒரு கை அரிசியைப் போட்டு ஓட்டிக் கழுவி ஊற்றிவிட்டு அப்புறம் உளுந்து போடச் சொல்லுங்கள். பெல்ட்டையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்க.

கிழக்குமாசிவீதி

விற்கத் தெரியாத ஆளுங்க சார் இவர்.